பாலம் தூக்கும் நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு ஒரு அடி ஸ்கேல் வந்தது.

தனியாக வரவில்லை. அதைக் கையில் பிடித்தபடி எங்கள் ஆபீஸுக்கு மெட்ராஸிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நண்பர் வந்தார். அக்குளில் சுருட்டிய கல்கத்தா மேப். பின்னாலேயே அவர் மனைவி.

"சார், லாட்ஜ் வாழ்க்கை அலுத்துப்போச்சு. ஆபீஸுக்குப் பக்கத்திலே ஒரு வீடு வேணும். மேப்பிலே அளந்தே வச்சுட்டேன்... இதோ ஆபீஸ். இங்கேருந்து ரெண்டு அங்குலத்துக்குள்ளே மூணு வீடு வருது!"

மேப்பை என் மேஜைமேல் விரித்து, ஸ்கேலை வைத்து, பென்சிலால் வட்டம் போட ஆரம்பித்தார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. மேப்பைப் பார்த்தால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் ராணுவத் தளபதி ஆகத் தோன்றாது? நானும் குனிந்தேன்.

அப்போது என் மனைவி சுலோசனா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க ஆபீஸ் எங்கேம்மா?"

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கு டல்ஹௌசியிலே பேங்க், அக்கா. ஊருக்கு வந்ததிலேருந்து இதை யாருமே கேக்கலை."

நண்பர் மேப்பைப் பார்த்தார். டல்ஹௌசி அவருடைய முழங்கைக்கு அடியில் இருந்தது.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன்தான் நானும்.

அப்போது நாங்கள் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். கல்கத்தாவுக்கு வருகிற தமிழன் வேறு எங்கே போவான்? கறிவேப்பிலை கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், காபிக்கொட்டை வறுக்கும் வாசனை தெருமுனை வரை வரும். என்னுடைய ரயில்வே ஆபீஸ் கார்டன் ரீச்சில், ஆற்றங்கரையில். போக ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பஸ். அதில் ஒன்றில் உள்ளே நிற்பேன், இன்னொன்றில் வெளியே தொங்குவேன்.

சுலோசனாவுக்கு அலிப்பூரில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸ். இருபதே நிமிஷம். பரீட்சை எழுதி, தேறி, கல்கத்தாவுக்கே போஸ்டிங் வாங்கி அப்போதுதான் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷம் புரொபேஷன். அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

என் மூளை கணக்குப் போட்டது. கார்டன் ரீச்சிலேயே வீடு பிடித்தால் எனக்கு நடந்தே எட்டு நிமிஷம். அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகட்டுமே? இரண்டு பேர் நேரத்தையும் கூட்டினால் மொத்தம் குறைகிறதா இல்லையா? குறைகிறது! குடும்ப நன்மை!

இந்த மாதிரிக் கூட்டல் கணக்கெல்லாம் எட்டு நிமிஷக்காரனுக்குத்தான் தோன்றும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பஸ் காலி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போனோம். கிதிர்பூர் தாண்டியதும் கப்பல்துறைக் கால்வாய்மேல் பெரிய இரும்புப் பாலம் ஒன்று வந்தது.

"இது என்னங்க, இவ்வளவு பெரிய சக்கரமெல்லாம் வச்சிருக்கு?" என்று கேட்டாள் சுலோசனா.

"பாலம்தான்" என்றேன்.

எவ்வளவு பொறுப்பான பதில், பார்த்தீர்களா? அந்தப் பாலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அதன்மேல்தான் போய்வந்துகொண்டிருந்தேன். கப்பல் வந்தால் மணி அடிப்பார்கள், கேட்டைச் சாத்துவார்கள், ரோடே எழுந்து நின்றுவிடும். கப்பல் கடந்து, ரோடு மறுபடி படுக்கிறவரை இந்தப் பக்கத்துக்காரன் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கம். சில நாள் இருபது நிமிஷம். சில நாள் ஒரு மணி. எல்லாம் தெரியும். ஆனால் இனிமேல் பாலம் என் வழியில் இல்லை... அதனால் என் நினைவிலும் இல்லை!

குடிபோனோம். எனக்கு ராஜவாழ்க்கை. ஒன்பதரைக்குக் குளிப்பேன். பத்தடிக்கும்போது சீட்டில் இருப்பேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பத்து நிமிஷம் கண் அசருவேன். அந்தச் சாப்பாட்டைச் சுலோசனா காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்து மூடி வைத்துவிட்டுப் போயிருப்பாள். செக்‌ஷனில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "வீடு பார்த்தா இப்படிப் பார்க்கணும்யா!"

முதல் வாரமே பாலம் தூக்கிவிட்டார்கள். சுலோசனா முக்கால் மணி நேரம் லேட்.

அவள் ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பொரோ பாபுவிடம் இருக்கும். பொரோ பாபு என்றால் ஹெட் கிளார்க். அந்த ஆபீஸில் உண்மையான கடவுள். அலிப்பூரிலேயே பிறந்து அலிப்பூரிலேயே வளர்ந்து நடந்தே ஆபீஸுக்கு வருகிற மனிதர். காரணம் கேட்டார்.

"கப்பல் வந்துச்சு சார்" என்றிருக்கிறாள்.

"கப்பலா? அலிப்பூருக்கா?"

செக்‌ஷனே சிரித்ததாம். சிவப்பு மையில் லேட் மார்க். மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு போச்சு. அதுகூடப் பரவாயில்லை. புரொபேஷனில் இருக்கிறவளுக்கு ஒவ்வொரு சிவப்பு மார்க்கும் ரிப்போர்ட்டில் ஏறும்.

நம்மில் ஒருத்தராக இருந்தால் என்ன செய்வோம்? அழுவோம், சண்டை போடுவோம், இல்லை பாலத்தைத் திட்டுவோம். சுலோசனா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அங்கே இருந்தவர் செல்லத்துரை அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் வேலை.

"அண்ணாச்சி, கப்பல் எப்ப வரும்னு முன்கூட்டியே தெரியுமா?"

"ஏன் தெரியாது? ஆத்துல வெள்ளம் ஏறும்போதுதானம்மா கப்பல உள்ள விடுவாவ? இங்க உள்ளவன் அத ஜோயாருன்னு சொல்லுதான். அது தெனமும் முக்கா மணி நேரம் போல தள்ளிக்கிட்டே போவும். அதுக்குன்னே புஸ்தகம் அடிச்சி வச்சிருக்குல்லா!"

மறுநாளே அந்தப் புஸ்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தேதிவாரியாக ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம். சுலோசனா அதைப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளாகப் பென்சிலால் எழுதினாள். ராகு காலம், எமகண்டம், அதன் கீழே... 'பாலம் 8.40'.

தமிழ்நாட்டில் எத்தனையோ காலண்டர் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு கெட்ட நேரம் போட்ட காலண்டர் கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தொங்கியது.

பாலம் எட்டு நாற்பதுக்கு என்றால் அவள் ஏழரைக்கே கிளம்பிவிடுவாள். எட்டரைக்கு அலிப்பூர் போய், பூட்டிய ஆபீஸ் வாசல்படியில் உட்கார்ந்து டிபார்ட்மென்ட் பரீட்சைக்குப் படிப்பாள். நான் அந்நேரம் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் ஒரு லேட் மார்க் இல்லை. பொரோ பாபுவே ஆச்சரியப்பட்டார். "உங்க கப்பல் என்ன ஆச்சு?" என்று கேட்டாராம்.

ஆனால் கப்பல் என்பது ரயில் இல்லையே! புஸ்தகம் தண்ணீர் ஏறும் நேரத்தைச் சொல்லும். கப்பல் கிளம்பும் நேரத்தைச் சொல்லாது. குளிர்காலம் வந்தது. ஆற்றில் மூடுபனி. பனி விலகுகிறவரை கப்பல்கள் காத்திருந்தன. காலண்டரில் எட்டு மணி என்று போட்டிருந்தால் பாலத்தை ஒன்பதுக்குத் தூக்கினார்கள். பத்து நாளைக்குள் நாலு லேட்.

பொரோ பாபு கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அடுத்த மாசம் உங்க ரிப்போர்ட் போகணும். இன்னும் ஒரு லேட் ஆச்சுன்னா நான் மெமோ கொடுக்க வேண்டியிருக்கும். மெமோ இருந்தா புரொபேஷன் கிளியர் ஆகாது."

அன்று சாயந்திரம் சுலோசனா என்னிடம் இதைச் சொன்னபோது நான் சொன்ன பதிலை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

"ரொம்பக் கஷ்டமா இருந்தா விட்டுடேன்..."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். மறுநாளுக்கான காலண்டர் தாளைப் பார்த்தாள். 'பாலம் 8.10' என்று இருந்தது. "ஒன்பதுக்குள்ளே இறக்கிடுவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் நானும் அவள்கூடக் கிளம்பினேன். அக்கறையினால் என்று நினைத்துவிடாதீர்கள்... கிதிர்பூரில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வாட்ச்சை வாங்க வேண்டியிருந்தது. பாலத்துக்கு நூறு கஜம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. மணி அடிக்கும் சத்தம். இறங்கி ஓடினோம். கேட் எங்கள் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது.

ரோடு மெல்ல எழுந்தது.

இந்த ஊர் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தனை பேர் வழியை மறித்துக்கொண்டு ஒரு கப்பல் போகிறது. ஒருத்தராவது திட்டினாரா? இல்லை! ஒருவர் சைக்கிள் கேரியரில் பேப்பரை விரித்தார். நாலு பேர் அதைப் படித்தார்கள். ஒருவர் காரப்பொரி வாங்கி, முன்பின் தெரியாத ஆசாமிக்குக் கொஞ்சம் கொட்டினார். கப்பலில் பறந்தது எந்த நாட்டுக் கொடி என்று பலத்த விவாதம். வேலைக்கு லேட்டாகிறது என்கிற துக்கத்தைக்கூடத் திருவிழா ஆக்கத் தெரிந்த ஊர் இது. எனக்கு எப்போதும் இதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

சுலோசனாவுக்கு நிறையவில்லை. கைக்கடிகாரத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் வெளுத்திருந்தன. இத்தனை மாதமாக இவள் இப்படித்தான் நின்றிருக்கிறாளா என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நாற்பது நிமிஷம் கழித்துப் பாலம் இறங்கியது. இந்தப் பக்கத்துக் கூட்டமும் அந்தப் பக்கத்துக் கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. எதிரே என்னுடைய ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் வேர்க்கடலை கொறித்தபடி நிதானமாக வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர்.

என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். "எதுக்கு ஓடறீங்க? மெதுவா வாங்க! இன்னிக்குப் பிரிட்ஜ் டே. பதினொன்றரை வரைக்கும் ரிஜிஸ்டர் திறந்துதான் இருக்கும்!"

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுலோசனா நடுப்பாலத்தில் நின்றாள்.

"பிரிட்ஜ் டேன்னா என்னங்க?"

மென்று முழுங்கினேன். "அது வந்து... எங்க ஆபீஸ்லே பாதிப் பேர் பாலத்தைத் தாண்டித்தான் வரணும். ஆபீசரும் அப்படித்தான் வராரு. அதனாலே பாலம் தூக்கின அன்னிக்கு யாருக்கும் லேட் மார்க் கிடையாது."

"எத்தனை நாளா இந்த வழக்கம்?"

"நான் சேர்ந்ததிலேருந்து."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"லேட்டானா கேள்வி கேக்காத ஆபீஸ் உங்களுது. அது பாலத்துக்கு இந்தப் பக்கம். கேள்வி கேக்கற ஆபீஸ் என்னுது. அது அந்தப் பக்கம். நீங்க எட்டு நிமிஷத்திலே நடந்து போறீங்க. நான் கப்பலுக்கு நிக்கறேன். இது உங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு."

தெரிந்தேதான் இருந்தது. தெரிந்ததை யோசித்ததில்லை, அவ்வளவுதான். வித்தியாசம் பெரிசா என்ன?

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாலத்தின் அந்தக் கோடிக்கு ஓடினாள். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸைக் கண்டக்டர் "ஆஸ்தே, லேடீஸ்!" என்று தட்டி நிறுத்தினார். ஏறிப் போய்விட்டாள். நான் என் வாட்ச்சை வாங்கிக்கொண்டு பதினொன்றுக்கு ஆபீஸ் போனேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவள் என்ன செய்தாள் என்பது சாயந்திரம்தான் எனக்குத் தெரிந்தது. நேரே ஆபீஸுக்குப் போகவில்லை. வழியில் மோமின்பூரில் இறங்கிவிட்டாள். டிராம் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு மாடியில் 'டு லெட்' போர்டு தொங்குவதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பல நாளாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். படியேறினாள். வீட்டுக்காரம்மாவை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த வங்காளியில் இரண்டே கேள்வி. காலையில் டிராம் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வரும்? ஞாயிற்றுக்கிழமையே குடிவரலாமா?

மாஷிமா ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "வீட்டை உள்ளே வந்து பார்க்க வேண்டாமா?"

"டிராமைப் பார்த்துட்டேன் மாஷிமா."

பிறகு அலிப்பூர். மணி பதினொன்று. பொரோ பாபுவின் மேஜையில் மெமோ டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"இன்னிக்கும் கப்பலா?"

"கப்பலைப் பத்திப் பேச வரலை சார். என்னோட ரெக்கார்டிலே அட்ரஸ் மாத்தணும்" என்று ஒரு சீட்டை நீட்டியிருக்கிறாள். மோமின்பூர் விலாசம். "திங்கட்கிழமையிலேருந்து எனக்கும் உங்களுக்கும் நடுவிலே பாலம் கிடையாது."

பொரோ பாபு சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா இந்த ரிஜிஸ்டர் என்கிட்டே இருக்கு. லேட்டா வர்றவங்க எல்லாரும் ஒரு காரணம் கொண்டுவருவாங்க. புது அட்ரஸ் கொண்டுவந்தது நீங்க ஒருத்தர்தான்."

லேட் மார்க்கைப் போட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். நியாயஸ்தர். ஆனால் மெமோவை டிராயருக்குள் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை வீடு மாத்தறோம்" என்றாள் அன்று சாயந்திரம் என்னிடம்.

"நான் ஒருதடவை வீட்டைப் பார்க்க வேண்டாமா?"

"நீங்க பார்த்த வீடு ஒண்ணு போதும்."

மாற்றினோம். அவளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். எனக்கு நாற்பது, பாலம் தூக்கினால் ஒன்றரை மணி. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் முந்தின வீட்டைவிட அப்படியொன்றும் பெரிய லாபமில்லை. ஆனால் அவள் கூட்டவே இல்லையே! தாமதம் வரத்தான் போகிறது, அது யார் தலையில் விழுந்தால் வலிக்காது என்று மட்டும் பார்த்தாள். வீடு தேடும் விஷயத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனையை நான் இன்றுவரை கேட்டதில்லை. நாம் எல்லோரும் 'ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு' என்கிறோம். யார் ஆபீஸ் என்று யாராவது கேட்கிறோமா?

அடுத்த வருஷம் புரொபேஷன் முடிந்து ஆர்டர் வந்தது. அதைப் படித்துக் காட்டும்போது அவளுக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும்தான். இப்போது அதே ஆபீஸில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அவள் மேஜையில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பரும் அவர் மனைவியும் வீட்டை முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் பஸ் ஏறிப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டைப் பார்க்க அல்ல, வழியைப் பார்க்க. ஸ்கேலை என் மேஜையிலேயே மறந்துவிட்டார் நண்பர்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மோமின்பூருக்குக் குடிவந்த முதல் வாரம், காலையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். ராகு காலம், எமகண்டம், அதன் கீழே பென்சிலில் 'பாலம் 9.05'.

"உனக்குத்தான் இப்ப பாலமே இல்லையே, இதை எதுக்கு எழுதறே?"

"உங்களுக்குத்தான். எட்டே காலுக்கே கிளம்பிடுங்க."

பாலத்தருகே அவள் நின்ற மாதங்களில் அவளுக்காக ஒரு நாளாவது எழுதத் தோன்றியதா... எனக்கு? டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எட்டு பத்துக்கே கிளம்பிவிட்டேன். இன்றுவரை அப்படித்தான் கிளம்புகிறேன்.

எங்கள் ஆபீஸில் பாலத்துக்கு லேட் மார்க் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு!